அனுமானம் போடும் அக்கா

சி.ஏ. தேர்வின் வரித்தாளில் எங்களுக்கு ஒரு சலுகை உண்டு. கணக்கில் ஏதாவது ஒரு விவரம் விட்டுப்போயிருந்தால், விடை எழுதுகிறவர் 'இதை இப்படி வைத்துக்கொள்கிறேன்' என்று ஓரமாக ஒரு குறிப்பு போட்டுவிட்டு மேலே போகலாம். வீட்டை எப்போது விற்றார் என்று சொல்லவில்லையா? இந்த வருடத்துக்குள்தான் விற்றார் என்று அனுமானம். தேவைப்படும் இடத்தில் தகுந்த அனுமானம் செய்துகொள்ளலாம் என்று கேள்வித்தாளிலேயே அச்சடித்திருப்பார்கள். சி.ஏ. இறுதித் தேர்வு எழுதுகிற நாங்கள் எல்லோரும் ஒரு தாளில் ஒன்றோ இரண்டோ போடுவோம். அக்கா பக்கம் பக்கமாகப் போடுவார்.

அக்கா எனக்கு உறவுமுறை இல்லை. இரண்டாயிரத்து ஆறில், கடலூர் செம்மண்டலத்தில் ஒரு ஆடிட்டர் ஆபீசில் நான் பயிற்சிக்குச் சேர்ந்தபோது, அவர் அங்கே பயிற்சியை முடித்துவிட்டுச் சம்பளத்துக்கு இருந்தார். கல்யாணம் ஆனவர். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். தேர்வின் இரண்டு குரூப்பில் முதல் குரூப்பை எப்போதோ தாண்டிவிட்டார். இரண்டாவது குரூப்பில் ஒவ்வொரு முறையும் அவர் காலை வாரிவிடுவது வரித்தாள்தான். நானும் அதே தாளில் இரண்டு முறை மண்ணைக் கவ்விய பிறகு, ஆபீசில் பழைய ஃபைல்கள் அடுக்கியிருந்த அறையில் ஒன்றாக உட்கார்ந்து படிப்பது என்று முடிவானது.

ஒன்றாக என்றா சொன்னேன்? அக்காவின் புத்தகத்துக்கெல்லாம் தினத்தாள் அட்டை. கிழியாமல் இருப்பதற்கு இல்லை. எந்த ஆசிரியர் எழுதியது என்று மற்றவர்கள் பார்த்துவிடக் கூடாது. நான் உள்ளே நுழைந்தால் விரித்திருக்கும் பக்கத்தின்மேல் டிபன் பாக்ஸ் மூடி வந்து உட்காரும். தேர்வு மையத்துக்குப் போகும்போது ஹால் டிக்கெட்டை உள்ளங்கையால் மறைத்துப் பிடித்திருப்பார். எண் தெரிந்தால் ரிசல்ட் அன்றைக்கு நமக்கு முன்னால் ஊரே பார்த்துவிடும் என்பார். அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. சி.ஏ. எழுதுகிறவர்களில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் மற்றவர்கள் தேர்வு நேரத்தில் மட்டும் அப்படி இருப்பார்கள். அக்காவுக்கு அது வருடம் பூராவும் உண்டு.

பஸ்ஸின் நெற்றியில் சிதம்பரம் என்று எழுதியிருக்கும். கண்டக்டரும் "சிதம்பரம், சிதம்பரம்" என்று தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். அக்கா அவரிடமே போய், "சிதம்பரம் போகுதா?" என்பார். போகும் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்ன பிறகு, உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவியிடம் இன்னொரு தடவை கேட்டுவிட்டுத்தான் ஏறுவார். காய்கறி வாங்கினால் தராசுத் தட்டுக்கு அடியில் விரலை விட்டுத் தடவிப் பார்ப்பார். டீக்கடையில் பாய்லர் பக்கத்திலேயே நின்று, தனக்குப் போடுகிற டீ புது டீத்தூளில்தான் போடப்படுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். யார் எதைச் சொன்னாலும் அவருடைய முதல் பதில் ஒன்றுதான்.

"இருக்கும். இல்லாமலும் இருக்கலாம்."

ஒருநாள் ஒரு மாதிரிக் கணக்கை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தோம். டாக்டர் கிரண் என்று ஒருவர். சொந்த க்ளினிக், வாடகை வரும் ஒரு வீடு, கொஞ்சம் பங்குகள். அவர் கட்ட வேண்டிய வரி எவ்வளவு? நான் விறுவிறுவென்று ஆரம்பித்துவிட்டேன். அக்கா பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேள்வியையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்த கிரண் ஆம்பளையா பொம்பளையா?"

"டாக்டர்னு போட்டிருக்குதேக்கா."

"அதுக்கு? பொம்பள டாக்டரயே நீ பாத்ததில்லையா? உங்க திட்டக்குடியில யாரு பிரசவம் பாக்குறாங்க?"

அவர் கேட்டது நியாயம்தான். அந்த வருடங்களில் பெண்களுக்கு வரியில்லாத வரம்பு ஆண்களைவிடக் கொஞ்சம் அதிகம். கிரண் ஆணென்றால் ஒரு விடை, பெண்ணென்றால் இன்னொரு விடை. ஒரு வரியில் அனுமானம் போட்டுவிட்டுப் போயிருக்கலாம். அக்கா இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டார். அத்தோடு விட்டாரா?

"வயசு சொல்லல பாத்தியா. மூத்த குடிமகனா இருந்தா?"

"க்ளினிக் நடத்துறாருக்கா, அவ்ளோ வயசா இருக்கும்?"

"எங்க தெருவுல ஒரு டாக்டரு, கை நடுங்குது, இன்னும் ஊசி போட்டுக்கிட்டுதான் இருக்காரு. சரி, வெளிநாட்டுலேர்ந்து வந்து போறவரா இருந்தா?"

நான் அடுத்த இரண்டு கணக்குகளை முடித்து, பொட்டலத்தில் இருந்த வேர்க்கடலையையும் முடித்துவிட்டேன். அவர் இன்னும் கிரணை விடவில்லை. கேள்வி போடுகிறவன் வேண்டுமென்றேதான் வயதை மறைத்திருக்கிறான், நம்மைப் போன்றவர்களை விழவைப்பதற்காகவே ஊருக்கு ஒருத்தனைச் சம்பளம் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று அவர் நிஜமாகவே நம்பினார். மூன்று மணி நேரத் தேர்வில் அவர் பாதித் தாளைத் தாண்டியதே இல்லை. எழுதிய பாதி அப்பழுக்கில்லாமல் இருக்கும். மீதிப் பாதி வெள்ளைத்தாள்.

இதே அக்காவை ஆடிட்டுக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். கம்மாபுரம் பக்கம் ஒரு அரிசி ஆலை. பாங்கில் கடன் வாங்கியிருந்தார்கள். ஈடாகக் காட்டிய சரக்கு இருக்கிறதா என்று பார்த்து வர எங்கள் இருவரையும் சார் அனுப்பினார். சார் என்றால் எங்கள் ஆடிட்டர். குடோன் நிறைய மூட்டைகள், கூரை முட்டும் அளவுக்கு. ஆலைக்காரர் மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு, இளநீர் வெட்டி வைத்து, வாய் நிறைய உபசரித்தார். நான் இளநீரைக் குடித்தேன். அக்கா குடிக்கவில்லை.

"எதுக்கு இவ்ளோ மரியாத?" என்று என் காதோரம் சொல்லிவிட்டு, குத்தூசி வேண்டும் என்று கேட்டார். முன்வரிசை மூட்டைகளில் குத்தி இழுத்தார். அரிசி வந்தது. ஆலைக்காரர் சிரித்தார். "பின்னாடி இருக்குற மூட்டைய இறக்கச் சொல்லுங்க" என்றார் அக்கா. ஆள் இல்லை என்றார்கள். அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தானே மூட்டைகள்மேல் ஏறினார். பின்னால் கைநீட்டி எட்டின மூட்டையில் குத்தி இழுத்தால், உமி. அடுத்ததிலும் உமி. சுவரோரம் முழுக்க உமி மூட்டைதான். இறங்கி வந்தவர் முகத்தில் வெற்றிக்களிப்பு ஒன்றும் இல்லை. எதிர்பார்த்த பஸ் எதிர்பார்த்த நேரத்துக்கு வந்தது போன்ற ஒரு முகம். அந்த நிமிடத்தில் எனக்கு அவர்மேல் வந்த பிரமிப்பு இன்றைக்கும் குறையவில்லை. திரும்பி வரும் வழியில், "நீ மொதல்லயே அந்த எளநிய குடிச்சிருக்கக் கூடாது" என்று மட்டும் சொன்னார்.

சந்தேகம் ஒட்டுவாரொட்டி. அவரோடு உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் வந்துவிட்டது. வருமான வரிச் சட்டம் வருடா வருடம் பட்ஜெட்டில் மாறும். எந்த வருடத்து மாற்றம் வரைக்கும் நம் தேர்வுக்கு உண்டு என்பதில் கோட்டை விட்டால், படித்ததெல்லாம் தண்டம். ஒருமுறை, வீடு விற்ற லாபத்துக்கு வந்திருந்த ஒரு புதுத் திருத்தத்தை நான் உருப்போட்டுக்கொண்டிருந்தேன். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "இது நம்ம தேர்வுக்கு இல்ல. கெடு தேதிக்கு அப்புறம் வந்தது" என்றார். எனக்கு உள்ளே மணி அடித்தது. தன் புத்தகத்துக்கே முக்காடு போட்டு வைக்கிற ஆள், எனக்கு எதற்கு இலவசமாக உதவி செய்ய வேண்டும்? நான் இதைப் படிக்கக் கூடாது என்று பார்க்கிறாரோ? மொட்டைமாடிக்குப் போய்ச் சென்னையிலிருந்த ஒரு நண்பனுக்கு போன் போட்டுக் கேட்டேன். அக்கா சொன்னது சரிதான். கீழே இறங்கி வந்தால், அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் கேட்டார்.

"என்னா, கேட்டியா? நான் சொன்னது சரிதான்னாங்களா?"

"சும்மா வீட்டுக்குப் பேசினேன்க்கா."

"தப்பில்ல தம்பி. நானா இருந்தாலும் கேட்டுத்தான் இருப்பேன். தேதி விசயத்துல மட்டும் நான் சொல்றத நீ கேக்காமயே நம்பலாம்."

சாருக்கு வயதாகிக்கொண்டிருந்தது. படியேறினால் மூச்சு வாங்கும். வரித் தணிக்கையில் ஒரு ஆடிட்டர் இத்தனைக்கு மேல் கையெழுத்துப் போடக் கூடாது என்று ஒரு வரம்பு இருக்கிறது. சார் அந்த வரம்பைத் தொட்டுவிட்டார். செப்டம்பர் முடிவதற்குள் எல்லா அறிக்கையும் கையெழுத்தாக வேண்டும், வந்த வேலையைத் திருப்பி அனுப்பவும் அவருக்கு மனசில்லை. இன்னொரு பார்ட்னர் வேண்டும். அவர் மனதில் இருந்தது அக்காதான். எங்கள் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

"பாஸ் பண்ணும்மா. மறுநாளே பார்ட்னர். இந்த ஆபீச உன்கிட்ட குடுத்துட்டு நான் நிம்மதியா வீட்ல படுப்பேன்."

அக்காவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. அவர் வேறு எதையும் ஆசைப்பட்டு நான் பார்த்ததில்லை. ஆபீஸ் வாசலில் பெயர்ப்பலகையைத் தாண்டும்போதெல்லாம் அவர் நடை கொஞ்சம் தயங்கும். அந்த மே மாதம்தான் பழைய பாடத்திட்டத்தில் எழுதக் கடைசி வாய்ப்பு என்று வேறு அறிவித்துவிட்டார்கள். அதை விட்டால் புதுப் பாடம், புதுப் புத்தகம், மறுபடி முதலிலிருந்து. அவர் வீட்டிலும், இந்தத் தடவையோடு சரி என்று சொல்லிவிட்டார்களாம்.

தேர்வுக்குக் கிளம்புமுன் சார் அவரைக் கூப்பிட்டார். "உன் சந்தேகத்த எல்லாம் நான் வேணாங்கல. ஆனா கடைசிப் பக்கத்துல எழுது. மொதல்ல எல்லாக் கணக்கையும் முடி. அப்புறம் நேரம் இருந்தா சந்தேகப்படு." அக்கா சரி என்று தலையாட்டினார். 'இதில் சாருக்கு என்ன லாபம்' என்று அவர் யோசிப்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

புதுச்சேரியில் தேர்வு. நான் அரைகுறையாகத்தான் எழுதிவிட்டு வெளியே வந்தேன். அக்கா ஒரு வேப்பமரத்தடியில் வெளிறிப்போய் நின்றிருந்தார்.

"என்னாக்கா, முடியலையா?"

"முடிச்சிட்டேன் தம்பி. எல்லாத்தையும் முடிச்சிட்டேன். நேரம் வேற மிச்சமாயிடுச்சு. அதான் பயமா இருக்குது."

"முடிச்சதுக்கு எதுக்குக்கா பயம்?"

"அவ்ளோ சுலபமாவா குடுப்பாங்க? எங்கயோ என்னமோ இருந்திருக்குது. நான் பாக்காம வந்துட்டேன்."

வரும் வழியெல்லாம் பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு கேள்வித்தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குப் பாவமாக இருந்தது. எரிச்சலாகவும் இருந்தது.

ஜூலையில் ரிசல்ட். மஞ்சக்குப்பத்தில் ஒரு ப்ரௌசிங் சென்டர். நான் பாஸ். நம்ப முடியாமல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். அக்கா கடைசித் தடுப்புக்குள் போய், கடைக்காரரை நகரச் சொல்லிவிட்டு, திரையை உடம்பால் மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வெகுநேரம் ஆனது. வெளியே வந்தபோது சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

"என்னாச்சுக்கா?"

"இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

ஆபீசில் சார் கேட்டபோதும் அதையேதான் சொன்னார். "கொஞ்சம் டைம் குடுங்க சார்." அதோடு, சில வாரம் லீவு வேண்டும் என்றார். தேர்வு எழுதுகிறவர்கள் இப்படிச் சொன்னால் அதற்கு மேல் யாரும் கிளற மாட்டார்கள். அது எங்களுக்குள் ஒரு மரியாதை. சார் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே, "எந்தக் கணக்குல மாட்டுனாளோ, பாவம்" என்றார்.

அவராக வந்து பேசட்டும் என்று ஆகஸ்ட் வரைக்கும் சார் காத்திருந்தார். அதற்குமேல் முடியவில்லை. உறுப்பினராகப் பதிவு செய்து சான்றிதழ் வாங்க வேண்டும், பத்திரம் எழுத வேண்டும், செப்டம்பர் தலைக்குமேல் நின்றது. என்னைக் கூப்பிட்டு, நீதான் பார்ட்னர் என்று சொன்னார். திட்டக்குடியில் என் அப்பா உழுதுகொண்டிருந்த டிராக்டரை அப்படியே நிறுத்திவிட்டுத் தெருவுக்கெல்லாம் லட்டு கொடுத்தாராம். நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். பெயர்ப்பலகையில் சார் பெயருக்குக் கீழே என் பெயரை எழுதிவிட்டுப் போனார்கள்.

செப்டம்பர் நடுவில் ஒருநாள் காலையில் அக்கா வந்தார். பட்டுப்புடவை. கையில் ஸ்வீட் பெட்டி. அவரை அப்படிச் சிரித்த முகமாக நான் பார்த்ததே இல்லை. வாசலில் பலகையைக் கவனிக்காமல் நேராக சார் அறைக்குள் போய்ப் பெட்டியை நீட்டினார்.

"சார், நான் பாஸு."

"என்னம்மா சொல்ற? அடுத்த பரீட்சையே இன்னும் வரலியே?"

"ஜூலையில வந்ததுதான் சார். மார்க்க சரிபாக்கச் சொல்லி எழுதிப் போட்டிருந்தேன். மாற்றம் இல்லன்னு நேத்திக்குத்தான் பதில் வந்துச்சு. இனிமே நம்பலாம்."

சார் பெட்டியை வாங்காமல் அவரையே பார்த்தார். "பாஸானதுக்கா மறுகூட்டல் போட்ட?"

"ஃபெயிலானவுங்க எல்லாம் போடுறாங்களே சார், மார்க்கு விட்டுப்போயிருக்கும்னு. ஜாஸ்தி போட்டிருந்தா அத யாரு கேக்குறது? உங்ககிட்ட பாஸுன்னு சொல்லிட்டு, நாளைக்கு தப்பா போட்டுட்டோம்னு லெட்டர் வந்தா என் மானம் என்னா ஆவுறது?"

சார் மெதுவாகச் சொன்னார். "ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" பிறகு என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைப் பார்த்தார். கதவு வழியாக, வாசலில் தொங்கும் பலகையின் பின்பக்கத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. கையிலிருந்த பெட்டியை மேசை ஓரத்தில் வைத்தார்.

"ஒண்ணும் கெட்டுப்போகல" என்றார் சார், அவசர அவசரமாக. "நீயும் வா. மூணு பார்ட்னரா இருப்போம். பத்திரத்த மாத்தி எழுதிட்டாப் போவுது."

"எதுக்கு சார்?"

"எதுக்குன்னா? நீ பாஸாயிட்ட."

"உங்களுக்கு ஒரு பார்ட்னர்தான சார் வேணும்னீங்க. அதான் கெடைச்சாச்சே. இப்ப எதுக்கு இன்னொண்ணு? பாவம்னா?"

சார் உடனே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நல்ல மனிதர், யோசித்துச் சொல்லலாம் என்று நினைத்துவிட்டார். அக்காவுக்கு அந்த யோசனையே போதுமானதாக இருந்தது. "வரேன் சார்" என்று கும்பிட்டுவிட்டுப் படியிறங்கினார்.

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. நியாயமாகப் பார்த்தால் அவர்தான் என்மேல் கோபப்பட வேண்டும். பின்னாலேயே ஓடி, செம்மண்டலம் பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன்.

"அக்கா, எதையாச்சும் ஒண்ண அப்படியே நம்புனா என்னாக்கா கொறைஞ்சிடும்? அவரு மனசாரக் கூப்புடுறாருக்கா."

"இருக்கும்" என்றார். வழக்கமாக வரும் அடுத்த பாதியைச் சொல்லவில்லை. பஸ் வருகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தார். "வரித்தாள்ல உனக்கு எவ்ளோ?"

சொன்னேன். தேறுவதற்கு வேண்டியதைவிட ஒரே ஒரு மார்க் கூட.

"ஒரு மார்க்கா?" குரலில் கிண்டல் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டவர் போலக் கேட்டார். "நீ சரிபாக்கச் சொல்லி எழுதிப் போட்டியா?"

"பாஸானதுக்கு எதுக்குக்கா?"

"போட்டுரு தம்பி. மனசு நிம்மதியா இருக்கும்."

பஸ் வந்தது. என் தோளில் லேசாகத் தட்டிவிட்டு ஏறிப் போய்விட்டார். அதன்பிறகு அவர் அந்த ஆபீசுக்கு வரவில்லை. சிதம்பரத்தில் தனியாக ஆபீஸ் போட்டிருக்கிறார், வங்கிக்காரர்கள் அவர் பெயரைக் கேட்டாலே நடுங்குகிறார்கள் என்று பிற்பாடு கேள்விப்பட்டேன்.

அன்றைக்கு நான் நிறுத்தத்திலேயே நின்று நாள் கணக்குப் பார்த்தேன். மறுகூட்டலுக்கு எழுதிப் போட, ரிசல்ட் வந்து ஒரு மாதம்தான் கெடு. அது ஆகஸ்டிலேயே முடிந்துபோயிருந்தது. இனி நான் நினைத்தாலும் போட முடியாது. முதலில் எனக்கு வந்தது நிம்மதிதான். அப்பாடா என்று இரண்டடி நடந்த பிறகுதான் உறைத்தது. அக்கா தேதி விஷயத்தில் தப்பே செய்கிறவர் இல்லை. கெடு முடிந்துவிட்டது என்று தெரிந்தேதான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.